மேற்கு மலையில் தூரத்தை அளந்தவர்கள்

2010 நவம்பரில் சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், பெண்களுக்கான 10,000 மீட்டர் ஓட்டத்தின் முதல் இரண்டு இடங்களும் இந்தியாவுக்கு வந்தன. இடுக்கி மாவட்டம் ராஜாக்காட்டை அடுத்த முல்லக்கானத்தில் பிறந்த பிரீஜா ஸ்ரீதரன் 31 நிமிடம் 50.47 நொடியில் தங்கம் வென்றார். மகாராஷ்டிரத்தின் கவிதா ராவுத் 31 நிமிடம் 51.44 நொடியில் வெள்ளி. இருபத்தைந்து சுற்று ஓடி முடித்த பிறகும் இருவருக்கும் நடுவே ஒரு முழு நொடி இல்லை. இந்த இடைவெளியைப் பற்றி நாம் துணிந்து பேச முடிவதற்குக் காரணம், அவர்கள் ஓடிய ஒவ்வொரு சுற்றும் 400 மீட்டர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாததே. அதே சுற்றை 408 மீட்டர் என்று காட்டும் கருவி ஒன்றை நம்பி ஓடியிருந்தால், '10,000 முடிந்தது' என்று அது சொல்லும் இடத்தில் உண்மையில் இன்னும் இருநூறு மீட்டர் பாக்கி இருக்கும். நேரத்தில் அது முப்பத்தைந்து நொடிக்கு மேல். இரண்டு சதவீதப் பிழை என்பது காதுக்குச் சின்னதாகக் கேட்கிறது. மரநிழலிலும் பள்ளத்தாக்கிலும் ஓடுகிறவரின் கையில் கட்டிய ஜிபிஎஸ் கருவி அந்த அளவுக்குப் பிசகுவது அதிசயமே இல்லை.

எந்த ட்ராக்கர் வாங்கலாம் என்று கேட்டால் கடைக்காரர் விலைப்பட்டியலை நீட்டுவார். அந்தக் கேள்விக்கான பதில் இருநூறு வருடத்துக்கு முந்தைய நில அளவையில் கிடக்கிறது என்பது என் எண்ணம். கருவி எவ்வளவு நுட்பமானது என்று பார்ப்பதற்கு முன்னால், ஏற்கெனவே அளந்து வைத்த ஒரு தூரத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரையிலான எல்லை மலைகளை அளக்க வந்த கருவிகள் எல்லாம் அந்த ஒப்பீட்டில்தான் தேறின, அல்லது தோற்றன.

பாலக்காடும் இடுக்கியும் ஒட்டிய மாவட்டங்கள் அல்ல. நடுவில் ஆனைமலை கிடக்கிறது; கிழக்கே தமிழ்நாட்டுப் பக்கம் கோவையும் திருப்பூரும் தேனியும். ஆனால் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழும், தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட் லயங்களின் தமிழும் இரண்டையும் ஒரே எல்லைப் பகுதியாக நினைக்க வைக்கின்றன. தூரத்தை அளப்பவருக்கு மட்டும் இரண்டும் நேர் எதிர். பாலக்காட்டுக் கணவாயில் மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு விலகி நிற்கிறது; வயலும் பனையும் திறந்த வானமும். இடுக்கியிலோ 2,695 மீட்டர் ஆனைமுடியில் தொடங்கி எல்லாமே ஏற்றமும் இறக்கமும். பொதிமாடுகள் மெட்டேறிய காலத்தில் இங்கே புழங்கிய அளவு நாழிகை வழி. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். சமதரையில் ஓரளவு வேகமாக நடப்பவர் அதற்குள் இரண்டு கிலோமீட்டர் போய்விடுவார். போடியிலிருந்து மெட்டேறுகிறவர் அதில் பாதி போனாலே பெரிது. நடந்து பிழைத்தவர்களுக்கு இது குறையாகப் படவில்லை. பொழுது சாய்வதற்குள் ஊர் போய்ச் சேர்வோமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அதற்கு நாழிகை வழி சரியான பதிலைச் சொன்னது. இன்றைய மலை ஓட்டக்காரர் பயிற்சி நோட்டில் 'எட்டு கிலோமீட்டர்' என்று எழுதாமல் 'ஒரு மணி நேரம் ஏற்றம்' என்று எழுதுவதும் அதே அறிவுதான். ஆனால் வரி போடவும், ரோடு வெட்டவும், படை நடத்தவும் இந்த அளவு உதவாது. ஒருவருடைய கால் பலத்தைச் சாராத தூரம் அதற்கு வேண்டும்.

அந்தத் தூரத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்தவர் வில்லியம் லாம்டன். 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிப்படைக் கோட்டை அளந்து, பின்னாளில் மாபெரும் முக்கோணவியல் நில அளவை என்று பெயர் பெற்ற வேலையைத் தொடங்கினார். கையில் இருந்தது லண்டனில் ராம்ஸ்டன் செய்த எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், அங்கே வேண்டாம் என்று ஆகி, கல்கத்தாவில் வந்து சேர்ந்த சங்கிலி அது. நீளம் நூறு அடி. இரண்டரை அடி நீளமுள்ள நாற்பது கண்ணிகள். அதைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகள் மேல் மரத் தொட்டிகளை மட்டம் பார்த்து வரிசையாக வைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தி, வெயில் படாமல் கூடாரம் போட்டு, பக்கத்தில் வெப்பமானி வைத்து, எஃகு எத்தனை டிகிரிக்கு எவ்வளவு நீண்டிருக்கும் என்று கணக்குப் போட்டு அளந்தார்கள். கோட்டின் நீளத்துக்கு இப்படிச் சங்கிலியை நானூறு முறை கிடத்த வேண்டும். இழுபட்டு இழுபட்டு அது நீண்டுவிட்டதா என்று பார்க்க, வேலைக்கு எடுக்காத இன்னொரு சங்கிலியோடு ஒப்பிட்டார்கள். பிறகு அங்கிருந்து கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாகப் பெங்களூர் வரை போய், 1804-ல் அங்கே இன்னொரு கோட்டைச் சங்கிலியால் அளந்தார்கள். முக்கோணக் கணக்கு சொன்ன நீளத்துக்கும் சங்கிலி சொன்ன நீளத்துக்கும் ஏழு மைலில் இருந்த வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு.

லாம்டனின் பெருமை அந்த நான்கு அங்குலத்தில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள அவர் பட்ட சிரமத்தில் இருக்கிறது. கணக்கு சரியாக வந்த பிறகும் அவர் ஓயவில்லை. 1806-ல் கோயம்புத்தூர் அருகே, அதாவது பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில், இன்னொரு அடிப்படைக் கோடு. 1808-ல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒன்று, அடுத்த ஆண்டு பாளையங்கோட்டைப் பக்கம் ஒன்று. அந்த 1808-ல்தான் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட் கருவி கோபுரத்தில் மோதி நசுங்கியது. அவரே கூடாரத்தில் உட்கார்ந்து அதைத் தட்டி நிமிர்த்திச் சரிசெய்து மீண்டும் வேலைக்கு எடுத்தார். நசுங்கிய கருவியை எந்தத் துணிச்சலில் நம்பினார் என்று கேட்கலாம். கருவியை நம்பி அவர் வேலை செய்யவில்லை. கோட்டை நம்பிச் செய்தார். கருவி பொய் சொன்னால் அடுத்த கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

மலைக்குள் நுழைந்ததும் இந்தச் சொகுசு போய்விட்டது. 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்த வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினன்ட்களுக்கு உயர்மலைக் காட்டில் ஏழு மைல் நேர்கோடு எங்கே கிடைக்கும்? மூடுபனியும் மரமும் ஒரு சிகரத்திலிருந்து மறு சிகரத்தைப் பார்க்க விடுவதில்லை. அந்தக் காலத்தில் பாதைகளை அளக்க அளவைச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போவது வழக்கம். மேடு பள்ளத்தில் துள்ளித் துள்ளிப் போகும் சக்கரம் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். உயரத்தை அளக்க ஒரு வழி, தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியைப் பார்ப்பது. ஏறக்குறைய முந்நூறு மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். மூணாறு உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். வானிலை மாறினால் அந்த எண்ணும் மாறும். சக்கரமும் கொதிதண்ணீரும் தனித்தனியே நம்பத்தக்கவை அல்ல. முக்கோணக் கணக்கில் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்ட ஒரு சிகரத்தோடு கட்டிப்போட்ட பிறகே அவற்றுக்கு மதிப்பு வந்தது.

தேயிலை வந்தபோது வேறொரு சிக்கல் தெரிந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுத்த வண்டியும், 1908 முதல் சிறு ரயிலும் ஓடின. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேனிப் பக்கத்துக் கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் இரும்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு இறங்கின. கயிற்றுக்கு அது சின்னத் தூரம். அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே சுமையோடு நடந்த தொழிலாளிக்கு வெகு தூரம். வரைபடம் காட்டும் தூரம் இரண்டுமே அல்ல. அது மலையைத் தட்டையாக்கிப் போட்ட கிடைத் தூரம். ஜிபிஎஸ் வாட்ச்கள் பெரும்பாலும் காட்டுவதும் இந்தக் கிடைத் தூரத்தைத்தான். இதில் எவ்வளவு ஏமாறுகிறோம் என்று கணக்குப் போட்டால் விடை வேறு பக்கம் திரும்புகிறது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் வரைபடத்தின் 1,000 மீட்டர் தரையில் 1,005 மீட்டர். ஐந்து மீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஓடுகிறவர் நூறு மீட்டர் உயரம் ஏறியிருக்கிறார். மலையில் உழைப்பைத் தீர்மானிப்பது உயரம். தூரத்தை நுணுக்கி அளந்துவிட்டு உயரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லும் கருவி பாலக்காட்டில் பயன்படும், இடுக்கியில் பயன்படாது.

ஓட்டப் பயிற்சிக்கு வருவோம். இந்த மாவட்டங்கள் தந்த பெயர்களை நினைத்தால் ஓர் ஆட்சேபம் தானாகவே எழும்: இவர்கள் யாரும் ட்ராக்கர் கட்டிக்கொண்டு வளரவில்லையே? தொடுபுழாவின் ஷைனி வில்சன் 1985-ல் ஜகார்த்தா ஆசியத் தடகளத்தில் 800 மீட்டர் வென்றார். கொம்பொடிஞ்சாலின் கே.எம். பீனாமோள் 2002 பூசான் ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். ஆண்கள் 800 மீட்டரில் அவருடைய தம்பி பினு வெள்ளி வாங்கினார். கையில் கட்டும் ஓட்டக்காரர் ஜிபிஎஸ் பரவலாக விற்பனைக்கு வந்தது அதற்கு அடுத்த வருடம். முண்டூரின் பி.யு. சித்ரா 2017-ல் புவனேசுவரத்திலும் 2019-ல் தோஹாவிலும் ஆசியத் தடகளத்தின் 1,500 மீட்டர் தங்கத்தை வென்றார்; அவரை வளர்த்தது பள்ளி கிரவுண்டு. பறளி, கல்லடி என்று பாலக்காட்டுப் பள்ளிகளின் கதையும் அப்படித்தான். ஆட்சேபம் நியாயமானது. ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. அந்தப் பயிற்சியாளர்களிடம் ஸ்டாப்வாட்ச் இருந்தது, அளந்த டிராக் இருந்தது. 400 மீட்டர் டிராக் எப்படிக் கோடு போடப்படுகிறது என்று பாருங்கள்: ஒவ்வொன்றும் 84.39 மீட்டரில் இரண்டு நேர்ப்பகுதி, 36.50 மீட்டர் ஆரத்தில் இரண்டு அரைவட்டம். நீளத்தை உள்விளிம்பில் அளக்காமல், ஓடுகிறவரின் கால் படும் இடமாக விளிம்பிலிருந்து முப்பது சென்டிமீட்டர் வெளியே அளக்கிறார்கள். கணக்குச் சரியாக 400-ல் வந்து நிற்கும். லேன் ஒன்று வெளியே தள்ளினால் சுற்றுக்கு ஏழு மீட்டருக்கு மேல் கூடும். லாம்டனின் கோடு ஏழு மைல்; இது நானூறு மீட்டர்; வேலை ஒன்றுதான். அவர்களிடம் இல்லாதது அளந்த மலை. எஸ்டேட் ரோட்டில் நேற்று ஓடிய ஏற்றமும் இன்று ஓடிய ஏற்றமும் ஒன்றா என்று சொல்ல வழி இல்லை. ட்ராக்கர் நிரப்ப வேண்டிய இடம் அது. டிராக்கில் அதற்கு வேலையே கிடையாது. அங்கே ஐந்நூறு ரூபாய் ஸ்டாப்வாட்ச் அதைவிட உண்மை பேசும்.

ட்ராக்கரின் பின்கதை ராணுவத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 1978-ல் ஏவப்பட்டது. 1983-ல் வழி தவறிய கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் யூனியன் சுட்டு வீழ்த்திய பிறகு, இந்தச் சேவை எல்லோருக்கும் திறந்துவிடப்படும் என்று அமெரிக்கா அறிவித்தது. திறந்தது, ஆனால் வேண்டுமென்றே பிழை கலந்து. நூறு மீட்டர் வரை பிசகும் கருவியை வைத்து ஓட்டம் பழக முடியாது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நீக்கினார்கள். ஒரே இரவில் பிசகு பத்து மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. 2003-ல் கார்மின் நிறுவனத்தின் ஃபோர்ரன்னர் 101, 201 கருவிகள் வந்தன. உள்ளே நடப்பது நாழிகை வழிக் கணக்கின் மறு பிறவி: சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை அளந்து அதைத் தூரமாக மாற்றுவது. நூறு கோடியில் ஒரு பங்கு நொடி தவறினால் முப்பது சென்டிமீட்டர் தவறும். இடத்தைக் குறிக்க நான்கு செயற்கைக்கோள் வேண்டும். அவை வானத்தில் நான்கு பக்கமும் விரிந்து நின்றால் நல்லது. பள்ளத்தாக்கில் ஒரு துண்டு வானம்தான் தெரியும் என்றால் நான்கும் ஒரே மூலையில் கும்பலாக நிற்கும். ஈர இலைகள் சிக்னலைக் குடிக்கும். பாறைச் சுவரில் பட்டுத் தெறித்து வரும் சிக்னல் தாமதமாக வந்து தூரத்தைக் கூட்டிச் சொல்லும். போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில், பல நொடிக்கொரு முறை மட்டும் புள்ளி பதியும் கருவி வளைவை வெட்டிக் குறுக்கே போகும். ஒரே வாட்ச், முண்டூர் வயலோரத்தில் ஒரு குணம், அடிமாலிக் காட்டில் வேறு குணம்.

இந்த எல்லையில் ஜிபிஎஸ் பட்டை கட்டியதில் நாடு முழுக்கப் பேர் வாங்கியது மனிதர் அல்ல, அரிக்கொம்பன் என்ற யானை. 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் பட்டை மாட்டிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மேகமலை வழியாக மே 27 அன்று கம்பம் நகருக்குள் வந்தது. ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. இடையில், அடர்ந்த காட்டுக்குள் போனபோது பட்டையிலிருந்து சிக்னல் வராமல் அதிகாரிகள் தவித்ததும் செய்தியானது. ட்ராக்கர் வாங்கப் போகிறவர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜிபிஎஸ் வானத்திலிருந்து கேட்க மட்டுமே செய்யும். கேட்டதை யாருக்காவது சொல்ல வேண்டுமென்றால் தனி வழி வேண்டும். யானைப் பட்டை செயற்கைக்கோள் வழியாகச் சொல்கிறது. சிம் போட்ட ட்ராக்கர் மொபைல் டவர் வழியாகச் சொல்லும். மலை மடிப்பில் டவர் இல்லையென்றால் வாயடைத்துப் போகும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை இந்தியாவில் அரசு அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து அவற்றைக் கொண்டுவந்த பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். எனவே இங்கே ஓட்டக்காரருக்குப் பொருத்தமானது, கேட்டதைத் தனக்குள்ளேயே பதிந்து வைத்து, வீட்டுக்கு வந்த பிறகு தரும் கருவி. காட்டில் ஆபத்து என்றால் அது ஆளைக் கூப்பிடாது. அதற்குத் துணைக்கு ஒரு ஆள்தான் வேண்டும்.

போன் இருக்கும்போது தனிக் கருவி எதற்கு என்பது அடுத்த கேள்வி. பாலக்காட்டுக் கணவாயில் காலையில் அரை மணி நேரம் ஓடுகிறவருக்கு நிஜமாகவே தேவையில்லை. வாங்காதீர்கள் என்றே சொல்வேன். மலையில் கதை வேறு. டவர் தேடித் தேடியே போனின் பேட்டரி தீரும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை கேட்காது. கருவியைத் தொடங்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை மிக மெதுவாக, முப்பது நொடிக்கொரு முறை சொல்கிறது. முழு அட்டவணை வந்து சேரப் பன்னிரண்டரை நிமிடம். போன் இதை இணையத்திலிருந்து நொடியில் எடுத்துக்கொள்ளும். தனிக் கருவி வானத்தைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும், அல்லது முதல் நாள் வீட்டிலேயே வாங்கி வைத்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் மரத்தடியில் பட்டனை அழுத்தி ஓடத் தொடங்குகிறவரின் முதல் கிலோமீட்டர் கற்பனைக் கதைதான்.

இப்போது வரும் வாட்ச்கள் இரண்டு அலைவரிசையில் கேட்கின்றன, நான்கைந்து நாடுகளின் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்துகின்றன, பிறகு எதற்கு இந்தச் சங்கிலிக் கதை என்றும் கேட்பார்கள். இரண்டு அலைவரிசை தெறித்து வரும் சிக்னலைக் கண்டுபிடிக்க உதவுகிறது என்பது உண்மை. இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பான நாவிக் கூட இந்த மலைகளுக்குச் சாதகமான ஏற்பாடு. அதன் செயற்கைக்கோள்களில் சில நம் தலைக்கு நேரே போல நிற்பதால் பள்ளத்திலிருந்தும் தெரியும். ஆனால் அதன் பல கடிகாரங்கள் பழுதாகின. வாட்ச் போன்ற சிறு கருவிகளுக்கு ஏற்ற அலைவரிசை 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 உடன்தான் சேர்ந்தது. பெட்டியின் மேல் நாவிக் என்று அச்சடித்திருப்பதற்காகக் கூடுதல் பணம் தர இப்போது அவசியம் இல்லை. இதற்கெல்லாம் மேலான சாட்சி ஒன்று இருக்கிறது. உலகத் தடகள அமைப்பு, தன் அங்கீகாரம் வேண்டிய சாலை ஓட்டப் பாதையை ஜிபிஎஸ்ஸால் அளக்க ஒப்புக்கொள்வதில்லை. சைக்கிளின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்டர் என்ற எண்ணியை மாட்டி, எஃகு நாடாவால் அளந்த முந்நூறு மீட்டருக்குக் குறையாத நேர்கோட்டில் அதை ஓட்டிப் பார்த்து, பிறகு பாதையை அளந்து, முடித்ததும் மறுபடியும் அதே கோட்டில் ஓட்டிப் பார்க்கிறார்கள். காலையில் குளிர்ந்திருந்த டயர் வெயிலில் பெருத்திருக்கும். லாம்டனின் வெப்பமானிக்கு இருந்த அதே கவலை. இவ்வளவுக்கும் பிறகு குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அந்த மாரத்தானை ஓடி முடித்தவர் 'என் வாட்ச் 42.7 காட்டுகிறது, பாதை தப்பு' என்று சண்டைக்கு வருவது வாடிக்கை. தப்பு பெரும்பாலும் அவர் கையில் இருக்கும்.

உயரத்தைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: இடுக்கியில் ஓடுகிறவர் பாரோமீட்டர் இல்லாத கருவியை வாங்க வேண்டாம். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே எதுவும் இல்லை. அதனால் ஜிபிஎஸ் உயரத்தில் செய்யும் பிழை தூரத்தில் செய்வதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. காற்றழுத்தமானி ஓரிரு மீட்டர் ஏற்றத்தையும் உணரும். ஆனால் மழை மேகம் திரண்டால் அழுத்தம் தானே இறங்கி, நின்ற இடத்திலேயே ஆளை மலை ஏற்றிவிடும். கொதிதண்ணீர்க் காலத்துப் பிரச்சினை அப்படியே. மருந்தும் பழையதுதான்: உயரம் தெரிந்த ஓர் இடத்தில் கிளம்பும்போது ஒரு முறை சரிசெய்வது, திரும்பி வந்ததும் அதே இடத்தில் எண்ணைப் பார்ப்பது.

பதிந்த எண் யாரிடம் இருக்கிறது என்பதும் இந்த மண்ணில் புதிய கேள்வி அல்ல. எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவரின் உழைப்பு கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் ஏறியது. அதில் என்ன எழுதியிருந்ததோ அதற்குத்தான் கூலி. ஓட்டக்காரரின் பதிவு தூர தேசத்து கம்பெனியின் கணினியில் மட்டும் இருந்தால் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஓட்டப் பதிவுச் செயலியான ஸ்ட்ராவா 2017 நவம்பரில் வெளியிட்ட ஓட்ட வரைபடத்தில் ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகளே வெளிச்சம் போட்டுத் தெரிந்தன. விடியற்காலையில் தனியாக ஓடும் ஒரு பெண் எந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்புகிறாள் என்பதும் அப்படித் தெரியக்கூடும். பதிவை ஒரு ஃபைலாக வெளியே எடுத்து, வேறு எந்த மென்பொருளிலும் திறந்து பார்க்க விடாத கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

காசு இருப்பவர்களுக்கான பேச்சு இது என்றும் சொல்லலாம். லட்சம் ரூபாயைத் தொடும் வாட்ச்கள் இருப்பது உண்மைதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இருந்தால் விலை குறைந்த கருவியே போதும்; எப்போதும் இரண்டு சதவீதம் கூட்டிச் சொல்கிறது என்று தெரிந்துவிட்டால் அதைக் கழித்துக்கொள்ளலாம். என்ன தவறுகிறது என்று தெரியாத விலை உயர்ந்த கருவிக்கு அந்த வைத்தியம் கிடையாது. ஒரு பள்ளி பத்து மாணவர்களுக்குப் பத்து வாட்ச் வாங்குவதைவிட, ஒரு நல்ல எஃகு நாடா வாங்கி, தினமும் ஓடும் எஸ்டேட் ரோட்டில் ஒரு கிலோமீட்டரைச் சரியாக அளந்து இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்து வைப்பது மேல். பிறகு ஒரே ஒரு வாட்ச் வாங்கினால் போதும்.

பாரோமீட்டர், அழுத்தும் பட்டன், ஃபைலை வெளியே தரும் வசதி மூன்றும் இருந்தால் மற்றவை ஆடம்பரம். வாங்கியதும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், அளந்த டிராக்கில் முதல் லேனில் பத்துச் சுற்று ஓடிப் பாருங்கள். டிராக் மோடு என்று ஒன்று இருந்தால் அதை முதலில் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கருவி தானே சுற்றை 400 ஆக்கிக் காட்டிப் பரீட்சையில் காப்பி அடித்துவிடும். 4,000 மீட்டருக்கு 40 மீட்டருக்கு மேல், அதுவும் சுற்றுக்குச் சுற்று வேறு அளவில், பிசகினால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.